ராமேசுவரத்தோடு முடிய வேண்டியதில்லை இந்தப் பயணம்

திருப்பதியிலிருந்து ராமேசுவரம் செல்லும் விரைவு ரயில் பாகாலா, சித்தூர், காட்பாடி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகத் தெற்கே இறங்குகிறது. இந்தத் தடத்தின் வடபகுதியை 1890களில் மீட்டர் கேஜ் பாதையாகப் போட்டது சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. அதே கம்பெனிதான் 1914இல் தனுஷ்கோடியில் கப்பல் துறை அமைத்து, பாக் நீரிணையைக் கடக்கத் தன் சொந்தக் கப்பல்களையும் ஓட்டியது. சித்தூர் அன்று சென்னை மாகாணத்தின் மாவட்டம். 1953இல் ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை அப்படியே இருந்தது. சித்தூரில் பெட்டி படுக்கையோடு ஏறியவர் தலைமன்னார் மண்ணில் கால் வைக்கும்வரை ஒரே ரயில் கம்பெனியின் பொறுப்பில் போக முடிந்த காலம் அது. இன்று அந்த ரயில் ராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே பயணிகள் கப்பலை மீண்டும் விடுவது பற்றி இந்தியாவும் இலங்கையும் 2024 டிசம்பரில் கூட்டறிக்கையிலேயே பேசியிருக்கின்றன. இந்த வேளையில் தனுஷ்கோடித் துறையின் வரலாற்றை ஒருமுறை கவனமாகப் படிப்பது அவசியம். அந்தச் சேவை அரை நூற்றாண்டு நிலைத்து நின்றதற்குக் காரணம், கடலையும் தன் தடத்தின் ஒரு பகுதியாக ரயில்வே கருதியதுதான். அதன்பிறகு வந்த முயற்சிகள் தடுமாறியதற்குப் போரும் புயலும் காரணமாயின என்பது உண்மை. ஆனால் கப்பலை ரயிலிடமிருந்து பிரித்துத் தனித் தொழிலாக விட்டதும் ஒரு பெரிய காரணம். எனவே புதிய சேவை வருமானால், அதன் பொறுப்பு ரயில்வேயிடம் இருக்க வேண்டும்.

முதலில் அந்தத் துறை எப்படி உருவானது என்று பார்ப்போம். 1914க்கு முன்பு கொழும்பு செல்லும் பயணிகளுக்கு வழி தூத்துக்குடி. சென்னையிலிருந்து ரயிலில் அங்கே போய், கப்பலேறி நீண்ட கடற்பயணம் செய்ய வேண்டும். இந்தியாவையும் இலங்கையையும் ரயில் பாலத்தாலேயே இணைக்கலாம் என்ற யோசனை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது; செலவு மலைக்கவைத்ததால் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த திட்டம் நடைமுறைக்கு உகந்தது. பாம்பன் கால்வாய்க்கு மேல் பாலம் கட்டி ரயிலை ராமேசுவரம் தீவின் கிழக்கு முனைவரை கொண்டுபோவது. மிஞ்சும் சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கப்பலில் கடப்பது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அந்த ஆண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் முதலில் வந்தன. பின்னாளில் இர்வினும் கோஷனும் சேர்ந்தன. சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட ரயில் கப்பல் துறைக்கே வந்து நின்றது. இறங்கியவர் கப்பலேறினார், சில மணி நேரத்தில் தலைமன்னார்த் துறை, அங்கே கொழும்பு ரயில் காத்திருந்தது. சென்னையில் வாங்கிய பயணச்சீட்டு கொழும்புவரை செல்லும். 'போட் மெயில்' என்ற பெயர் இன்றும் எழும்பூர்–ராமேசுவரம் ரயிலுக்கு வழக்கில் இருக்கிறது. படகு மட்டும் இல்லை.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது கப்பலின் வேகமோ பாலத்தின் அழகோ அல்ல. ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். கப்பல் தாமதமானால் மறுகரை ரயில் காத்திருக்கும். ரயில் ஒருவருடையது, துறை இன்னொருவருடையது, கப்பல் மூன்றாமவருடையது என்றிருந்தால் இது நடந்திருக்காது. இத்தனைக்கும் ஒரு பெரிய இடைஞ்சல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. இந்தியப் பக்கம் மீட்டர் கேஜ். இலங்கைப் பக்கம் பிராட் கேஜ். ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி மறுகரையில் இறக்கி ஓட்ட வழியில்லை. ஒவ்வொரு மூட்டையும் இருமுறை கைமாற வேண்டும். அப்படியிருந்தும் அந்த வழி செழித்ததென்றால், பயணத்தை ஒரே கை நிர்வகித்ததுதான் அதன் பலம். இன்றைய நிலையோ இன்னும் சாதகமானது. ராமேசுவரம் பாதை 2007இல் பிராட் கேஜ் ஆகிவிட்டது. இலங்கையின் தடமும் அதே அகலம். போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதையை இந்தியக் கடனுதவியுடன் இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கானே மீண்டும் அமைத்துக் கொடுத்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார்வரை ரயில் ஓடத் தொடங்கியது. இந்தக் கரையில் 500 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டுக் கட்டிய புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இரு கரைகளிலும் ஒரே அகலத் தண்டவாளங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு முடிகின்றன. நடுவில் விடுபட்டிருப்பது கப்பல் ஒன்றுதான்.

தனுஷ்கோடியின் வரலாற்றைப் பெருமையாக மட்டும் பேசுவது நேர்மையாகாது. அந்தத் துறை சீமான்களுக்கும் வணிகர்களுக்கும் யாத்ரீகர்களுக்கும் மட்டும் கட்டப்பட்டதில்லை. இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். திருச்சி, சேலம், தஞ்சை, வட ஆற்காடு என்று பஞ்சமும் கடனும் வாட்டிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். 1911இல் தனி மாவட்டமாகும்வரை சித்தூர் அந்த வட ஆற்காட்டின் ஒரு பகுதிதான். மண்டபத்தில் இலங்கை அரசே முகாம் நடத்தியது. தோட்டத்துக்குப் போகும் ஏழைகள் தொற்றுநோய்ச் சோதனைக்காக அங்கே அடைத்துவைக்கப்பட்டார்கள்; முதல் வகுப்புப் பயணி நேரே கப்பலேறினார். இதற்கு முந்தைய தலைமுறை மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் மலைநாட்டுக்கு நடந்தே போனது. வழியில் காலராவுக்கும் பசிக்கும் பலியானோர் ஏராளம். அந்தக் கொடுமையை ரயிலும் கப்பலும் குறைத்தன. ஆனால் உழைப்பை மலிவாக அள்ளிச் செல்லும் ஏற்பாட்டை அவை மேலும் விரைவாக்கின. இரண்டும் உண்மை. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் புதிய சேவையின் கட்டணமும் வசதியும் யாரை மனத்தில் வைத்து வகுக்கப்பட வேண்டும் என்பது விளங்கும். அந்தக் கப்பலில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் மலையகத்திலும் வன்னியிலும் தமிழ்நாட்டின் தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளிலும் பிரிந்து வாழ்கிறார்கள். அவர்களால் ஒருவரையொருவர் போய்ப் பார்க்க முடிய வேண்டும்.

சேவை எப்படி அழிந்தது என்பதிலும் ஒரு தவறான நினைப்பு பரவியிருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது, கப்பலும் அதோடு போயிற்று என்றே பலரும் சொல்கிறார்கள். டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில் கடலலையில் சிக்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். துறை, நிலையம், ஊர் எல்லாம் அழிந்தன. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனால் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீர்செய்தது. கப்பல் சேவையும் ராமேசுவரத்திலிருந்து மீண்டும் தொடங்கியது. பிற்காலத்தில் 'ராமானுஜம்' என்ற கப்பல் அந்தத் தடத்தில் ஓடியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. தாயகம் திரும்பியவர்களில் பெரும்பாலோர் வந்து இறங்கியது ராமேசுவரத்தில்தான். 1984இல் இனப்போர் கடலை மூடிய பிறகே கப்பல் நின்றது. ஆக, புயலுக்குப் பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேவை நீடித்திருக்கிறது. ஆனால் ஒரு மாற்றம் நேர்ந்தது. ரயில் கப்பலின் வாயிலில் போய் நின்ற ஏற்பாடு தனுஷ்கோடியோடு முடிந்தது. ராமேசுவரத்தில் ரயில் நிலையம் ஊரின் ஒரு பக்கம், கப்பல் துறை இன்னொரு பக்கம் என்றானது. ஒரே பயணமாக இருந்தது இரண்டு பயணங்களாகப் பிரிந்தது.

அந்தப் பிரிவு இன்றுவரை தொடர்கிறது. போர் முடிந்தபின் 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பெரிய பயணிகள் கப்பல் விடப்பட்டது. போதிய ஆட்கள் ஏறவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றுபோனது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்ற கப்பல் தொடங்கிவைக்கப்பட்டது. வரி உட்பட 7,670 ரூபாய் கட்டணம் என்று அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி ஒரு வாரத்துக்குள் சேவை நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற வேறு கப்பலுடன் மீண்டும் தொடங்கி, பருவமழையில் நின்று, மறுபடி தொடங்கி ஓடியது. யாழ்ப்பாண மக்களுக்கு இது பெரிய உதவி; இதை நடத்த முன்வந்தவர்களின் துணிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் சித்தூரிலோ திருச்சியிலோ இருப்பவர் இந்தக் கப்பலைத் தன் பயணத் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பார்? ரயில் அட்டவணையில் கப்பலின் நேரம் இல்லை. ரயில் தாமதத்தால் கப்பலைத் தவறவிட்டால் பொறுப்பேற்பாரும் இல்லை. கப்பல் ரத்தானால் வாங்கிவைத்த ரயில் டிக்கெட் வீண். தனித்து ஓடும் கப்பல் தன் செலவைத் தானே ஈட்டியாக வேண்டும்; எனவே கட்டணம் உயரும்; உயர்ந்தால் ஆள் குறையும்; குறைந்தால் சேவை நிற்கும். 1914இல் கப்பலின் கணக்கு தனியே பார்க்கப்படவில்லை. கடல் கடக்கப் போகும் பயணி அதற்கு முன்பு நூற்றுக்கணக்கான மைல் ரயிலில் வருகிறார் என்பதால் மொத்தப் பயணத்தின் வருமானமும் ஒரே பையில் விழுந்தது. சிறிய தூரத்துக் கப்பலை நெடுந்தூர ரயில் தாங்கிப்பிடித்தது.

ரயில்வேக்கு எதற்குக் கப்பல், அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும் என்ற மறுப்பு உடனே வரும். இந்திய ரயில்வேயின் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. சராய்காட் பாலம் 1962இல் திறக்கப்படும்வரை பிரம்மபுத்திராவை அமீன்காவ்–பாண்டு படகில்தான் ரயில் பயணிகள் கடந்தார்கள். பாட்னாவுக்கு வடக்கே கங்கையைக் கடக்க ரயில்வேயே பல பத்தாண்டுகள் நீராவிப் படகுகளை ஓட்டியது. பாலங்கள் வந்தன, படகுகள் விடைபெற்றன. பாக் நீரிணையில் பாலம் வரவில்லை. படகு மட்டும் விடைபெற்றது. இன்று ரயில்வே கப்பலைச் சொந்தமாக வாங்கவேண்டும் என்றுகூட இல்லை. ஆழம் குறைந்த அந்தக் கடலுக்கு ஏற்ற கப்பலை ஒப்பந்தத்தில் எடுத்து ஓட்டலாம். கப்பலோட்டும் வேலையை அதில் தேர்ந்தவர்கள் பார்க்கட்டும். ரயில்வே ஏற்க வேண்டியவை மூன்று: பயணச்சீட்டு, கால அட்டவணை, பயணிக்கான பொறுப்பு. விமானச் சீட்டும் பேருந்துச் சீட்டும் விற்கும் ஐஆர்சிடிசி தலைமன்னார்க் கப்பலுக்குச் சீட்டு விற்க முடியாதா? குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் இடையூறு என்பார்கள். கொல்கத்தா–டாக்கா மைத்ரி விரைவு ரயிலில் முதலில் எல்லை நிலையங்களில் பயணிகளை இறக்கிச் சோதித்தார்கள். 2017 முதல் அந்தச் சோதனைகள் புறப்படும் நிலையத்துக்கே மாற்றப்பட்டன. அரசியல் காரணங்களால் அந்த ரயில் 2024இல் நின்றது வேறு விஷயம். ரயில் நிலையத்திலேயே எல்லைச் சோதனையை முடிக்க நம்மால் முடியும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது.

அடுத்த மறுப்பு கடலைப் பற்றியது. புயல் தாக்கும் கடல், ஆழமற்ற கடல், ஆண்டில் சில மாதம் ஓட முடியாத கடல் என்கிறார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமல்ல. 1964இல் இறந்தவர்களின் நினைவு அதை அனுமதிக்காது. ஆனால் பேரிடரிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறோம் என்பதும் கேள்வி. ஜப்பானில் ஆமோரிக்கும் ஹகோடாத்தேக்கும் இடையே 1908 முதல் ரயில்வே கப்பல் சேவை இருந்தது. 1954 செப்டம்பரில் புயலில் தோயா மாரு என்ற ரயில்வே கப்பல் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த நாடு கடலடிச் சுரங்கம் தோண்டும் திட்டத்தை முடுக்கியது. அது முடிய 1988 ஆனது. அதுவரையிலான 34 ஆண்டுகளும் கப்பல்களைப் பாதுகாப்பாக ஓட்டியது. சுரங்கம் திறந்த பிறகே சேவைக்கு விடை கொடுத்தது. இத்தாலியின் மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் இன்றும் ஓடுகின்றன. நமக்கு 1964இல் இல்லாத செயற்கைக்கோள் வானிலைக் கணிப்பு இன்று இருக்கிறது. புயல் உருவாவது பல நாள் முன்பே தெரிகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சேவை இராது என்று முன்கூட்டியே அறிவித்து, மற்ற மாதங்களுக்கு உறுதியான அட்டவணை தந்தால் பயணிகள் அதற்கேற்பத் திட்டமிடுவார்கள். ஓடாத மாதங்களைவிட, எப்போது ஓடும் எப்போது நிற்கும் என்று தெரியாத நிலையே பயணியை விரட்டுகிறது.

சூழலைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளும் கடற்புல் வெளிகளும் கடற்பசுவும் நம் தலைமுறை காப்பாற்றிக் கொடுக்க வேண்டிய செல்வம். அதனால்தான் தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் போடும் திட்டத்தை இந்த வாதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தத் திட்டத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் மணல் திட்டின்மீது மறுபடி தண்டவாளம் போட்டு, அழிந்த ஊரை எழுப்ப முயல்வது விவேகமாகாது. தேவை ராமேசுவரத்தில்: ரயில் நிலையத்தையும் கப்பல் துறையையும் சேர்த்துத் திட்டமிட்ட ஒரு முனையம், இரண்டுக்கும் இடையே ரயில்வேயே நடத்தும் இணைப்புப் பேருந்து, கடலடியை ஆழமாகத் தோண்ட வேண்டியிராத சிறிய கப்பல். கப்பலின் தடத்தையும் நேரத்தையும் வகுக்கும்போது மீனவர் சங்கங்களை முதல் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும். கடலில் வலை விரிப்பவர்கள் அவர்கள். கைதும் படகுப் பறிமுதலும் அவர்களுக்கு அன்றாடத் துயரம். அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் எந்த அட்டவணையும் நிலைக்காது.

பாதுகாப்பைக் காட்டித் தயங்குவோரும் இருக்கிறார்கள். கஞ்சாவும் தங்கமும் பீடி இலையும் இந்தக் கடலில் இப்போதே கடத்தப்படுகின்றன. அவை பயணிகள் கப்பலில் போகவில்லை, இரவில் மறைவாகப் படகுகளில் போகின்றன. பெயர், கடவுச்சீட்டு, மூட்டை எல்லாம் சோதிக்கப்படும் நேர்வழி இருக்கும் கடலைவிட, நேர்வழியே இல்லாத கடல்தான் கள்ளவழிக்கு வசதி. விமானம் போதாதா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். சென்னையிலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் உண்டு. வசதியுள்ளவர்களுக்கு அது போதும். இலங்கைத் தலைவர்கள் திருமலைக்கு வந்து ஏழுமலையானைத் தரிசிப்பது அவ்வப்போது செய்தியாகிறது. அவர்கள் வானத்தில் வருகிறார்கள். வவுனியாவிலோ ஹட்டனிலோ இருக்கும் ஒரு குடும்பம் திருப்பதியும் ராமேசுவரமும் சேர்த்துத் தரிசிக்க நினைத்தால், ஐந்து பேருக்கு விமானக் கட்டணம் அந்த நினைப்பையே முறித்துவிடும். இங்கிருந்து திருக்கேதீசுவரத்துக்கும் மடு மாதா கோயிலுக்கும் போக நினைப்போரின் நிலையும் அதுவே. இரண்டு கோயில்களுமே மன்னார் மாவட்டத்தில், தலைமன்னார் ரயில் பாதையை ஒட்டிய பகுதியில் இருக்கின்றன. ஏழைகளைக் கூலிக்கு ஏற்றிச்செல்லக் கட்டப்பட்ட வழி, அவர்களுடைய வழித்தோன்றல்கள் உறவையும் சாமியையும் பார்க்கப் போகும் வழியாகத் திறக்கப்படுமானால், அந்த வரலாற்றுக்கு நாம் செய்யும் நியாயம் அது.

ஆகவே கோரிக்கை தெளிவானது. ராமேசுவரம்–தலைமன்னார் கப்பலுக்கான பேச்சுவார்த்தையில் கப்பல் துறை அதிகாரிகளோடு தெற்கு ரயில்வேயும் இலங்கை ரயில்வே திணைக்களமும் உட்கார வேண்டும். இந்தியாவின் முக்கிய நிலையங்களிலிருந்து கொழும்பு, மன்னார், அனுராதபுரம்வரை ஒரே பயணச்சீட்டு வழங்கப்பட வேண்டும். ராமேசுவரம் ரயில்கள் வந்து சேரும் நேரத்தை ஒட்டிக் கப்பலும், கப்பலை ஒட்டித் தலைமன்னார் ரயிலும் புறப்பட வேண்டும். கப்பல் ரத்தானால் முழுப் பயணத்துக்கும் பணம் திருப்பித் தரும் விதி எழுத்தில் இருக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளின் நட்டத்தை இரு அரசுகளும் பகிர்ந்து, கட்டணத்தை இரண்டாம் வகுப்பு ரயில் பயணிக்கு எட்டும் அளவில் வைக்க வேண்டும். பாம்பனில் புதிய பாலத்துக்கும் தலைமன்னாரில் புதிய பாதைக்கும் மக்கள் பணம் கோடிக்கணக்கில் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அந்தச் செலவு முழுப் பலன் தருவதற்கு மேலும் ஒரு பெரிய பாலமோ சுரங்கமோ வேண்டியதில்லை. இரண்டு ரயில்வேக்களும் ஒரே அட்டவணையில் கையெழுத்திட்டால் போதும். அடுத்த பருவமழை முடிந்து கடல் அடங்குவதற்குள் அந்த அட்டவணையைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்கலாம்.